'செல்போன் ஒன்று' என்ற ஒற்றை வரி: உள்துறைச் செயலாளருக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: உள்துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

பார்வைக்கு: காவல்துறைத் தலைமை இயக்குநர், மதுரை மாநகரக் காவல் ஆணையர், மதுரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

பொருள்: சோதனையிலும் பறிமுதலிலும் எடுக்கப்படும் போன், கணினி, கேமரா பதிவுக் கருவிகளை எப்படிக் கையாள்வது என்று மாநிலம் முழுமைக்கும் ஒரே நடைமுறை உத்தரவு வேண்டுதல், ஒட்டுக்கேட்பு உத்தரவுகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை மாவட்ட நீதிமன்றத்திலும் ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளையிலும் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலரும், டவுன்ஹால் ரோடு, மீனாட்சி பஜார் பகுதிகளில் போன் பழுது பார்ப்பதும் அழிந்த தரவை மீட்பதும் தொழிலாகக் கொண்டவர்கள் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு தரப்புக்குச் சட்டப் பிரிவு தெரியும், இன்னொரு தரப்புக்குப் போனின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். இரண்டு தரப்பும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பட்டியலான மகஜரில் 'செல்போன் ஒன்று' என்று எழுதி முடித்துவிடும் அந்த வரி.

கடந்த சில ஆண்டுகளில் சோதனை போடவும் கண்காணிக்கவும் அரசுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளம் காணல் சட்டம், கைரேகை, கால்தடம், புகைப்படத்தோடு நின்றிருந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, கருவிழி, விழித்திரை, ரத்த மாதிரி, கையெழுத்து வரை எடுக்கவும், எடுத்ததை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் வழி செய்தது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-வது பிரிவு ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தைப் புதுச் சொற்களில் எழுதியது. அதற்கான விதிகள் 2024 டிசம்பர் 6 அன்று வந்தன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-வது பிரிவில் 'ஆவணம் அல்லது பொருள்' என்று மட்டும் இருந்த இடத்தில் மின்னணுத் தகவலையும் தொடர்புக் கருவியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 247-வது பிரிவு, கடவுச்சொல் கிடைக்காவிட்டால் பூட்டை மீறியே மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, இணையச் சேமிப்பகம் வரை உள்ளே போகலாம் என்கிறது.

இவை அளவு மீறிப் போய்விட்டன என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமித்துச் சொன்னார்கள். அந்த உரிமையில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், கைவைக்கும் அளவு தேவையைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன பிரிவுகள் இந்த உரைகல்லில் நிற்குமா என்று நீதிமன்றங்களில் வாதாட வேண்டியதை வாதாடுவோம். டெல்லி இயற்றிய சட்டத்தைத் திருத்தித் தாருங்கள் என்று தங்களிடம் கேட்க வரவில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. அதே சட்டங்களுக்குள்ளேயே மக்களுக்குச் சில காப்புகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அவை உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் ஒரு ஸ்டேஷனின் மேசை மேல் நடைமுறைக்கு வருமா வராதா என்பது தங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

முதலில் அந்த மகஜர் வரி. 'கறுப்பு நிற செல்போன் ஒன்று' என்று எழுதிய பட்டியலைக் கொண்டு, நீதிமன்றத்தில் இருக்கும் போன் அந்த வீட்டில் எடுத்த போன்தான் என்று யாராலும் காட்ட முடியாது. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள். இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. சிம் அட்டையின் முதுகில் 19 அல்லது 20 இலக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். மெமரி கார்டு இருந்தால் அதன் கொள்ளளவும் மேலே உள்ள எண்ணும். திரை எந்த மூலையில் விரிசல் விட்டிருக்கிறது, போன் ஓடிக்கொண்டிருந்ததா அணைந்திருந்ததா, பூட்டியிருந்ததா திறந்திருந்ததா, அதன் கடிகாரம் உண்மை நேரத்தோடு எத்தனை நிமிடம் வித்தியாசப்படுகிறது, இவை எல்லாம் வர வேண்டும். மொத்தம் ஏழெட்டு வரி. ஒரு போனுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும்.

அடுத்து, எடுத்த போனை என்ன செய்கிறார்கள் என்பது. ஓடிக்கொண்டிருக்கும் போனை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், அது வழி நெடுகப் புதுச் செய்திகளை வாங்கிக்கொண்டே இருக்கும்; மறையும் செய்திகள் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ தாமாக அழியும்; உரிமையாளரோ வேறொருவரோ வேறு கணினியிலிருந்து மொத்தப் போனையும் துடைத்துவிடலாம். ஆகவே ஏரோப்ளேன் மோடு போட வேண்டும். அது மட்டும் போதாது. இப்போது வரும் பல போன்களில் ஏரோப்ளேன் மோடு போட்ட பிறகும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடும். அவற்றைத் தனியாக அணைக்க வேண்டும். பூட்டிய போனில் இதைச் செய்ய முடியாவிட்டால் அலைவரிசை புகாத உலோக இழைப் பை தேவை. பைக்குள் போன போன் டவரைத் தேடித் தேடிச் சார்ஜைத் தின்னும் என்பதால் பவர் பேங்கையும் சேர்த்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். இதைத் தவற விட்டுப் போன் அணைந்துபோனால் சிக்கல் பெரிது. இன்றைய போன்கள் உள்ளே இருப்பதைக் குறியாக்கம் செய்தே வைத்திருக்கின்றன. அணைந்து எழுந்த போன், பின் எண் போடும் வரை திறவுகோலை நினைவகத்துக்கே கொண்டுவராது. அதுவரை கைரேகையும் வேலை செய்யாது. ஒருமுறை திறந்திருந்த போனிலிருந்து ஆய்வகம் எடுத்திருக்கக்கூடியதில் பெரும் பகுதி இதனால் கிடைக்காமலே போகிறது. புலனாய்வுக்கே இது நட்டம்.

பிறகு அந்தப் போன் பீரோவுக்குள் போகிறது. லித்தியம் பேட்டரியை முழுக்க வற்றிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அது மீண்டும் சார்ஜ் ஏறாது. சில உப்பி, திரையை உள்ளிருந்தே தூக்கிவிடும். மதுரை வெயிலில் காற்றோட்டமில்லாத அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பாதியளவு சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் உப்பிப்போன போனைக் காட்டி இதுதான் முக்கியச் சான்று என்றால், யாருக்கும் அதனால் பயனில்லை.

இப்போது ஹாஷ் பற்றி. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவு, மின்னணுச் சான்றோடு இரண்டு பகுதிச் சான்றிதழைக் கேட்கிறது: முதல் பகுதி கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் தருவது, இரண்டாவது நிபுணர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கும் அடையாள வரியை, எழுத வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுதும் மாறிவிடும். அதனால்தான் அதை முத்திரையாக நம்புகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் தனக்குள்ளேயே எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டிருப்பது. காலையில் ஒரு நகலும் மாலையில் ஒரு நகலும் எடுத்தால் இரண்டின் ஹாஷும் ஒன்றாக இருக்காது. ஆகவே 'போனின் ஹாஷ்' என்று பொதுவாக எழுதுவதில் பொருளில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்த மென்பொருளால், யார் முன்னிலையில் எடுத்த நகல் என்று எழுதி, அந்த நகலின் ஹாஷை அதே இடத்தில் பதிந்து, உரிமையாளரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் எதுவும் நுழைக்கப்படவில்லை என்று அரசுத் தரப்பாலும் காட்ட முடியும், நுழைக்கப்பட்டிருந்தால் எதிர்த்தரப்பாலும் காட்ட முடியும்.

பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஸ்டேஷன் கணினியில் 'சும்மா என்ன இருக்கிறது என்று பார்க்க' ஒரு பென் டிரைவைச் செருகினாலே போதும், விண்டோஸ் அதில் தன் சொந்தக் கோப்புறை ஒன்றை உருவாக்கிவிடும். திறந்து பார்த்த கோப்புகளின் தேதிகளும் மாறக்கூடும். பறிமுதல் தேதிக்குப் பிந்தைய தேதியில் ஒரு கோப்பு தென்பட்டால், குறுக்கு விசாரணையில் அந்தச் சான்று முழுதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எழுதுவதைத் தடுத்துப் படிக்க மட்டும் விடும் சிறு கருவி ஒன்றை நடுவில் வைத்து நகல் எடுத்தால் இது நேராது. 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை நொடிக்கு 120 எம்.பி. வேகத்தில் நகலெடுக்க இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் கணினியை ஓராண்டு ஸ்டேஷனில் வைத்திருப்பதற்கு இதில் என்ன காரணம் இருக்கிறது?

கருவியைத் திருப்பித் தருவதற்குச் சட்டமே கால அளவு சொல்கிறது. சன்ஹிதாவின் 497-வது பிரிவின்படி, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவர அறிக்கை தயாராக வேண்டும், படமோ வீடியோவோ எடுக்க வேண்டும், அதன்பின் 30 நாளுக்குள் அதை யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட வேண்டும். கூட்டினால் 44 நாள். பறிமுதல் பொருளைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் தேக்கி வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் இந்த 14 நாள் எப்போது தொடங்கும்? படிவம் 95-உடன் பொருள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். அந்தப் படிவம் கிளம்பாத வரை கடிகாரமே ஓடாது. பறிமுதலான எத்தனை நாளுக்குள் படிவம் 95 நீதிமன்றத்தைச் சேர வேண்டும் என்று தங்கள் உத்தரவு ஒரு வரையறை சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். ஏழு நாள் போதும் என்பது எங்கள் கணிப்பு.

போன் இல்லாமல் 44 நாள் என்பதே சாதாரணம் அல்ல. மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு மல்லிகை அனுப்பும் விவசாயிக்கு அன்றைய விலை வருவதும் போனில், பணம் வருவதும் போனில். வங்கி, கேஸ் சிலிண்டர், ரேஷன், பிள்ளையின் பள்ளிச் செய்தி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த ஒரே எண்ணுக்குத்தான். வழக்குக்குச் சிம் அட்டை தேவைப்படாதபோது, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அட்டையை மட்டுமாவது கையில் கொடுத்துவிடலாம். தேவைப்பட்டால், அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிக்கொள்ளத் தடையில்லை என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதித் தரலாம்.

எந்த வழக்கிலும் சேராமல் போன் கைமாறுவதுதான் எங்களை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. வாகனத் தணிக்கையில் நிறுத்தி, போனைத் திறக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது. விசாரணைக்கு வந்தவரிடம் 'போனை வச்சிட்டுப் போ, நாளைக்கு வந்து வாங்கிக்கோ' என்பது. இதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சன்ஹிதாவின் 94-வது பிரிவில் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி கேட்க வேண்டுமானால் எழுத்தில் உத்தரவு வேண்டும். 106-வது பிரிவில் எடுக்க வேண்டுமானால் அது திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் வேண்டும், உடனே நீதித்துறை நடுவருக்கு அறிக்கையும் போக வேண்டும். 185-இன் கீழ் வாரண்ட் இல்லாமல் தேட வேண்டுமானால் காரணத்தை முதலில் வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குச் செல்ல வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் நடுவர் இலவசமாகவே நகல் தருவார். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக 2018 முதல் தடை இருக்கிறது. வாசலில் ஒப்படைத்தால் டோக்கன் கொடுக்கிறார்கள், தரிசனம் முடித்து வந்து டோக்கனைக் காட்டினால் அதே போன் கைக்கு வருகிறது. சாமி கும்பிடும் நேரத்துக்கு ஒப்படைக்கும் போனுக்கே சீட்டு உண்டு. மனு கொடுத்தவருக்கு சி.எஸ்.ஆர். ரசீது தரும் ஸ்டேஷன், வாங்கி வைத்த போனுக்கு ஒரு துண்டுச் சீட்டுத் தராமல் இருப்பதைத் தாங்கள் அனுமதிக்கக் கூடாது.

கடவுச்சொல் விவகாரத்தில் சட்டம் இன்னும் ஒரு கரையில் நிற்கவில்லை. கைரேகை எடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961-இல் காத்தி காலு ஓகாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனதில் உள்ள பின் எண்ணைச் சொல்ல வைப்பதும் அப்படித்தானா? நீதிமன்றம் உத்தரவிட்டால் தர வேண்டும் என்ற பக்கம் 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் நின்றது. கட்டாயப்படுத்த முடியாது என்று 2022-இல் டெல்லியில் ஒரு சி.பி.ஐ. தனி நீதிமன்றம் சொன்னது. இப்படி இருக்கும்போது, 'நம்பரைச் சொல்லாவிட்டால் ஏழு வருஷம்' என்று ஒரு எஸ்.ஐ. சொல்வது தவறான தகவல். அந்த ஏழு ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவில் வருவது. அந்தப் பிரிவின்படி உத்தரவிடும் அதிகாரம் மாநிலத்தில் தங்கள் பதவிக்கு உரியது, ஸ்டேஷனுக்கு உரியதல்ல. பிடித்து இழுத்து விரலைப் போன் மேல் வைப்பது கூடவே கூடாது என்று உத்தரவில் வெளிப்படையாக எழுத வேண்டுகிறோம். ஒருவர் தானாகவே எண்ணைச் சொன்னால், யார் கேட்டு, எத்தனை மணிக்கு, எந்த உத்தரவின் பேரில் சொன்னார் என்பது மகஜரில் இருக்கட்டும்.

2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்களின் கருவிகளைப் பற்றி ஒரு வழி சொன்னது. 94-வது பிரிவில் வழக்கறிஞரின் கருவியைக் கேட்டால், அதை நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்க வேண்டும். கட்சிக்காரருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவரும் வழக்கறிஞரும் முன்னிலையில் இருக்க, அவர்கள் விரும்பும் தொழில்நுட்ப நிபுணரின் உதவியோடுதான் திறக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் வெளியே போகக் கூடாது. எங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்களுக்கு இது காப்பு. ஆனால் ஒரு மருத்துவரின் போனில் நோயாளிகளின் அறிக்கைகள் இருக்கின்றன, நிருபரின் போனில் தகவல் தந்தவர்களின் பெயர்கள், ஒரு தாயின் போனில் மகளின் படங்கள். திறக்கும்போது உரிமையாளரும் அவர் நம்பும் ஒருவரும் உடனிருப்பது என்ற அந்த ஒரு அம்சத்தையாவது எல்லாருக்கும் விரிப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்ற சன்ஹிதாவின் 105-வது பிரிவு உண்மையில் நல்ல ஏற்பாடு. அதை நாங்கள் முழு மனதாக வரவேற்கிறோம். தேடுவது தொடங்கி, பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் வரை பதிவாக வேண்டும், தாமதமின்றி நடுவருக்குப் போக வேண்டும் என்கிறது. கெடுவது எங்கே என்றால், முதலில் தொடங்கும் இடத்தில். எல்லாம் எடுத்து முடித்தபின் பொருள்களை மேசையில் அடுக்கி எடுக்கும் வீடியோ, சோதனையின் பதிவு ஆகாது. கேட்டைத் தாண்டும் முன் கேமரா ஓட வேண்டும். தேதியும் நேரமும் வாயால் சொல்ல வேண்டும். உள்ளே நுழைவோரின் கைகளும் பைகளும் முதலில் தெரிய வேண்டும். நடுவில் நின்றால் ஏன் நின்றது, எத்தனை நிமிடம் என்று மறு பதிவின் தொடக்கத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவதாக, அனுப்பும் விதத்தில். அதிகாரி தன் போனில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் எழுத்தருக்கு அனுப்பி, அவர் அதை சி.டி.யில் போட்டால், வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் புதுக் கோப்பாகவே ஆக்கியிருக்கும். எடுத்த நேரம், இடம், கருவி பற்றிய உட்குறிப்புகள் போய்விடும், ஹாஷ் வேறாகிவிடும். மூலக்கோப்பைக் கேபிள் வழியாகவோ மெமரி கார்டிலோ எடுத்து, அங்கேயே ஹாஷ் போட வேண்டும். மூன்றாவதாக, சாட்சிகள். 103-வது பிரிவு அந்தப் பகுதியில் குடியிருக்கும் சுயேச்சையான, மதிப்புள்ள இருவரைக் கேட்கிறது. எல்லா மகஜரிலும் அதே கிராம நிர்வாக அலுவலரும் அதே தலையாரியும் வந்துகொண்டிருந்தால், அரசு ஊழியர்களான அவர்களுக்கும் அது தர்மசங்கடம், பிரிவின் நோக்கமும் நிறைவேறாது.

கேமரா இருப்பதும் பதிவு இருப்பதும் ஒன்றல்ல என்பதைத் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் தாக்கப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தபின் விசாரணைக்குப் போன கோவில்பட்டி நடுவர், ஸ்டேஷன் கேமராவின் ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைத்து வைத்திருந்ததை உயர் நீதிமன்றக் கிளைக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணக்கைப் பாருங்கள். 8 கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 1 மெகாபிட் என்று குறைவாகவே வைத்தாலும், நாளொன்றுக்கு 86 ஜி.பி.க்கு மேல் ஆகும். ஓராண்டுக்கு 31 டி.பி.க்கு மேல், 18 மாதத்துக்கு 47 டி.பி. 1 டி.பி. போட்ட கருவியில் 12-ஆம் நாளிலேயே முதல் நாளின் பதிவு அழியத் தொடங்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை டி.பி. இருக்கிறது, மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது என்ற இரண்டு விவரங்களை மட்டும் மாதந்தோறும் கண்காணிப்பாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மக்களின் கடை கேமரா பதிவுகளும் இதே கணக்கில்தான் அழிகின்றன. எனவே கடைக்காரரிடம் கேட்பதானால் பத்து நாளுக்குள் கேட்க வேண்டும். தேவையான நேரத் துண்டை மட்டும் நகலெடுக்க வேண்டும். கருவியின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். மொத்தக் கருவியையும் கழற்றிக்கொண்டு போனால் அடுத்த திருட்டுக்கு அந்தக் கடையில் சான்று இருக்காது.

ஒட்டுக்கேட்புக்கு வருகிறோம். இங்கே பொறுப்பு நேரடியாகத் தங்களுடையது. 2024 விதிகளின்படி மாநிலத்தில் உத்தரவிடும் அதிகாரி உள்துறைச் செயலாளர். ஓர் உத்தரவு 60 நாள் வரை செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரத்தில் செயலாளருக்குக் கீழுள்ள அதிகாரி தொடங்கினால் 3 வேலை நாளுக்குள் தெரிவித்து, 7 வேலை நாளுக்குள் உறுதி செய்துகொள்ள வேண்டும். இவற்றைச் சரிபார்ப்பது தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். உத்தரவிடுபவரும் அதிகாரி, சரிபார்ப்பவர்களும் அதிகாரிகள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. ஒன்றிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதியது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள். எட்டு மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்தாலும் 15,000 கோப்புகளில் ஒன்றுக்கு இரண்டு விநாடி கிடைக்காது. அந்த நேரத்தில் பெயரைக்கூடப் படித்து முடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்த எண் என்ன? ஆண்டுக்கு எத்தனை புது உத்தரவு, எத்தனை நீட்டிப்பு, மறுஆய்வுக் குழு எத்தனையை ரத்து செய்தது என்ற மூன்று எண்களை வெளியிடுங்கள். ஆள் பெயர் வேண்டாம், போன் எண் வேண்டாம், வழக்கு விவரம் வேண்டாம். எந்தப் புலனாய்வும் இதனால் கெடாது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். குற்றம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே, ஒட்டுக்கேட்கச் சட்டம் கேட்கும் 'பொது அவசர நிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்ற சொற்களுக்குள் வராது என்றார். இடைமறித்ததை மறுஆய்வுக் குழு முன் வைக்கத் தவறியதையும் சுட்டினார். 1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுத் தந்த பாதை அது. தங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த இரண்டு சொற்களுக்கு என்ன உண்மை ஆதாரம் என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும் எனக் கட்டாயமாக்குங்கள்.

அடையாள மாதிரிகள் பற்றி ஒன்றே ஒன்று. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடுகளும் முடிந்து விடுதலையானாலோ, எடுத்த மாதிரிகளை அழிக்க வேண்டும் என்று 2022 சட்டமே சொல்கிறது. இது விடுதலையானவருக்குத் தெரிவதில்லை. விடுதலைத் தீர்ப்பு வந்த வழக்குகளில் ஸ்டேஷனே இதற்கான கடிதத்தை அனுப்பி, அழித்த விவரத்தை அவருக்கும் தெரிவிக்க வேண்டும். ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களில், பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரானவை நீங்கலாக, ரத்த மாதிரி போன்றவற்றைத் தர மறுக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு என்பதையும் எடுப்பதற்கு முன்பே தமிழில் சொல்ல வேண்டும். ஒருமுறை வெளியே போன கருவிழிப் பதிவுக்குக் கடவுச்சொல்லைப் போல மாற்று கிடையாது.

செலவு என்ற பதில் வரக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். அலைவரிசை தடுக்கும் பைகள், எழுதுவதைத் தடுக்கும் கருவி ஒன்று, 1 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க்குகள், எண்ணிட்ட முத்திரைப் பைகள், ஹாஷ் கணிக்க இலவசமாகவே கிடைக்கும் மென்பொருள். உட்கோட்டத்துக்கு ஒரு பெட்டி என்று தொடங்கலாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருவருக்கு இரண்டு நாள் பயிற்சி. அந்தப் பயிற்சியை எங்களில் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மதுரை மாநகரிலும் மாவட்டத்திலும் ஊதியம் வாங்காமல் நடத்தித் தருகிறோம். எந்த வார இறுதியில் சொன்னாலும் வருகிறோம்.

இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரிப் பறிமுதல் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். முதல் பக்கம் கருவியின் விவரம், எடுத்தபோது இருந்த நிலை, கடிகார வித்தியாசம். இரண்டாம் பக்கம் கருவி யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாறியது என்பதற்கான கட்டங்கள், நகலெடுத்த விவரம், ஹாஷ் எழுத 64 சிறு கட்டங்கள், கீழே உரிமையாளருக்குக் கிழித்துக் கொடுக்கும் சீட்டு. வெட்டியோ சேர்த்தோ தங்கள் துறைக்கு ஏற்றபடி பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் கட்டமாக மதுரை மாநகரில் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்க்க உத்தரவிட்டாலும் போதும்.

இப்படிக்கு,
மின்னணுச் சான்று வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்கள், தரவு மீட்புத் தொழிலாளர்கள்,
மதுரை.

இணைப்பு: மாதிரிப் பறிமுதல் படிவம், 2 பக்கம்.